இரண்டு கடிதங்கள்

சென்ற மாதம் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. தமிழ்ப் பேச்சுத் தரவுகளைத் திரட்டும் திட்டங்களை மதிப்பிடும் குழுவொன்றில் ஆய்வு மாணவர் சார்பில் அமருமாறு ஒன்று அழைத்தது. மற்றொன்று, அதே குழுவிடம் விண்ணப்பித்திருந்த நிறுவனமொன்றிலிருந்து வந்தது: பகுதிநேர மொழியியல் ஆலோசகராகச் சேர இயலுமா? உதவித்தொகை வந்து நான்கு மாதங்களாகின்றன. மர்பி டவுன் வீட்டு வாடகையோ ஒரு மாதமும் தவறுவதில்லை.

இரண்டு அழைப்புக்கும் காரணம் ஒன்றே. தமிழ் ஒலியனியல் எனக்குத் தெரியும். அறிவு ஒன்றாக இருக்கையில் நாற்காலி இரண்டாக இருந்தால் என்ன என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன். அப்போது நினைவுக்கு வந்தவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

1892இல் கோவையில், ஆலைத்தொழிற் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் பயின்றார். மத்திய சட்டமன்றத்தின் தலைவராக இருந்தபின், 1935 முதல் 1941 வரை கொச்சி அரசின் திவான். 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவில் ஒருவர். விடுதலை பெற்ற நாட்டின் முதல் நிதியமைச்சராக 1947 நவம்பர் 26 அன்று அவர் அளித்த வரவுசெலவுத் திட்டம் ஏழரை மாதங்களுக்கானது. சிலப்பதிகாரத்துக்கு உரை வரைந்தவரும் அவரே.

தொழில், சட்டம், அரசு ஆகிய மூன்றையும் உள்ளிருந்து அறிந்தவர் என்பதே அவருடைய தகுதி. காங்கிரஸ் கட்சியைச் சாராத அவரை நேருவின் அமைச்சரவை ஏற்றதற்கு அந்தத் தகுதியும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வருமானவரி விசாரணை ஆணையத்துக்கான பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதாகச் சர்ச்சை எழுந்தபோது, அதே தகுதி ஐயத்துக்கு இடமாயிற்று. ஆலைகளை அறிந்தவர் என்று போற்றிய வாயே, ஆலைக்காரர்களுக்கு வேண்டியவர் என்று பேசியது. 1948 ஆகஸ்டில் பதவி விலகினார்.

ஆராயாமல் அளித்த ஒரு தீர்ப்பால் அரசன் உயிர் துறக்கும் காப்பியத்துக்கு உரை எழுதியவர் வாழ்வில் இப்படியொரு திருப்பம்! இதை வினைப்பயன் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தோன்றுவது எளியது: பல துறை அறிந்தவர் ஆட்சிக்கு வருவதில் பிழையில்லை, அத்தகையோர் இல்லாமல் ஆட்சியும் நடவாது. ஆனால் எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறோம் என்பதைப் பிறர் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லும் உண்மைக்கு, விளக்கம் என்ற பெயர்தான் கிடைக்கும்.

மறுநாள் காலை குழுவுக்கு எழுதினேன்: நிறுவனத்தின் அழைப்பை ஏற்கிறேன், ஆகவே மதிப்பீட்டிலிருந்து விலகுகிறேன். மூன்று வரிகள்தாம். அவற்றை எழுத ஒரு மணி நேரமாயிற்று. குழுவில் இருந்திருந்தால் தன்விவரக் குறிப்பில் ஒரு நல்ல வரி சேர்ந்திருக்கும்.

வாடகைக்காகத்தானே நிறுவனத்தைத் தேர்ந்தாய் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆம், வாடகைக்காகத்தான். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.