இருபத்துமூன்று வருசம்

ஸ்வர்ணலதா பாட வந்தது 1987இல், 'நீதிக்குத் தண்டனை' படத்தில், எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில். அப்போது பதின்வயதுப் பெண். பிறகு தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஓடிய குரல் அது. அவரைக் காதல் பாட்டுகளால்தான் நினைவில் வைத்திருக்கிறோம். 1994க்கான தேசிய விருதோ, பெண்சிசுக் கொலையைப் பேசிய 'கருத்தம்மா'வில் பாடிய பாட்டுக்கு. 2010 செப்டம்பரில், 37 வயதில் இறந்துபோனார்.

நெருப்பெரிச்சலில் நான் செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனியில், ஒன்றரை ஷிப்டு நாட்களில், டீக்குப் பிறகு யாராவது போனில் அவர் பாட்டைப் போடுவார்கள். 'மாலையில் யாரோ' வந்தால் ஓவர்லாக் மெஷின் வேகம் குறையாது, பேச்சு குறையும். காதலே வாய்க்காதவர்களும் முணுமுணுப்போம்.

"பாவம், கல்யாணமே பண்ணிக்கலையாமா" என்பார் ஒரு அக்கா, ஒவ்வொரு முறையும். என்னைப் பார்த்துக்கொண்டே. எனக்கு 38. ஆண் பாடகர்கள் பாடும்போது அவர்கள் வீட்டு விவரம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

"இருபத்துமூணு வருசம் பாடியிருக்காங்கக்கா, அதைச் சொல்லுங்க" என்றேன் போன வாரம்.

"அத்தனை வருசமா?" என்றவர், கையிலிருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டு, விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். அவர் பவர் டேபிளில் உட்கார்ந்து இருபத்தாறு வருசம்.