பெயர் இல்லாத டிரம்ஸ்

ஓஸி ஆஸ்போர்ன் என்ற பெயரை 'ஓசி' என்று படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அவருடைய முதல் தனி ஆல்பத்தின் கதை சிரிப்பதற்கில்லை.

1979-இல் குடி, போதைப் பழக்கம் காரணமாக பிளாக் சபாத் குழு ஓஸியை வெளியேற்றியது. அடுத்த ஆண்டே 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' வந்தது. தனி ஆல்பம் என்று பேர்தான். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டுடியோவில், அவருக்குப் பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். கிடார் ராண்டி ரோட்ஸ், அப்போது வயது 23. 'மிஸ்டர் குரோலி' பாட்டின் தொடக்கத்தில் வருகிற கீபோர்டு டான் ஏரி. பேஸ் கிடார் பாப் டெய்ஸ்லி. பாடல் வரிகளில் பெரும்பகுதியும் இவர் எழுதியதுதான். டிரம்ஸ், யூரையா ஹீப் குழுவில் இருந்த லீ கெர்ஸ்லேக்.

ராண்டியை ராக் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். கனமான ராக் பாட்டுகளுக்கு நடுவே, 'டீ' என்று அம்மாவுக்காக ஒரு நிமிடம்கூட ஓடாத கிளாசிக்கல் கிடார் இசையை வைத்தவர். 1982-இல் விமான விபத்தில் இறந்தபோது வயது 25.

டெய்ஸ்லிக்கும் கெர்ஸ்லேக்குக்கும் நடந்தது வேறு. 1981-இல் வந்த அடுத்த ஆல்பத்திலும் வாசித்தது இவர்கள்தான். ஆனால் அது வெளிவருவதற்குள் இருவரையும் நீக்கிவிட்டார்கள். உறையில் புதிதாகச் சேர்ந்த இருவரின் பெயர்கள் அச்சாகின!

பிறகு இருவரும் பங்குத்தொகை கேட்டு வழக்குப் போட்டார்கள். 2002-இல் இரண்டு ஆல்பங்களையும் மறுபடி வெளியிட்டபோது பெயர் மட்டுமல்ல, வாசிப்பே போய்விட்டது. இவர்களுடைய பேஸும் டிரம்ஸும் இருந்த இடத்தில் வேறு இருவரை வாசிக்க வைத்துச் சேர்த்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். பாடியவர் அதே ஓஸி, கிடார் அதே ராண்டி... ஆனால் பாட்டு அதே பாட்டு இல்லை. பின்னால் இருப்பவர் வாசிப்பு பாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2011 பதிப்பில்தான் பழைய வாசிப்பு திரும்ப வந்தது.

கெர்ஸ்லேக் கடைசிக் காலத்தில் புற்றுநோயோடு இருந்தார். அப்போது அவர் கேட்டது, தான் வாசித்த அந்த இரண்டு ஆல்பங்களுக்கான பிளாட்டினம் தட்டுகள். 2019-இல் அவை கிடைத்தன. 2020-இல் காலமானார். ஓஸியும் 2025 ஜூலையில் போய்விட்டார்.

இந்த ஆல்பத்தைக் கேட்பதானால் 1980 பதிப்பையோ 2011 பதிப்பையோ தேடிக் கேளுங்கள். டிரம்ஸ் வரும்போது லீ கெர்ஸ்லேக் என்ற பெயரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.