ஐந்து சுரமும் மாறும் மண்ணும்



கிடார் என்றாலே வசதியான வீட்டுப் பிள்ளைகளின் வாத்தியம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் விட்டுப்போன பழைய கிடாரில் ஒரு வருடமாக நானும் விரலைத் தேய்த்து வருகிறேன். அதில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிடார் பழகுகிறவர்கள் சீக்கிரமே கைப்பிடிப்பது பென்டடானிக் ஸ்கேல். பேரு பெரிசு, சமாச்சாரம் சின்னது. ஒரு ஸ்தாயிக்கு ஐந்தே சுரம். மேஜர் பென்டடானிக்கை வாசித்துக் காட்டியதும் எங்கள் ஊர் நாயனக்காரத் தாத்தா சிரித்துவிட்டார்.

"அட, இது மோகனமப்பா! இதுக்கா சீமையில இருந்து பேரு வாங்கிட்டு வந்தே?"

ச ரி க ப த. அவ்வளவுதான்! 1988-ல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தில் இளையராஜா இசையில் சித்ரா பாடிய 'நின்னுக்கோரி வர்ணம்' இந்த ராகம்தான். இதே ஐந்து சுரத்தை 'த'வை ஆதாரமாக வைத்து வாசித்தால் சுத்த தன்யாசி. கிடார்க்காரர்கள் அதை மைனர் பென்டடானிக் என்பார்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணி மோகனமே என்று இசை ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். மாடு மேய்த்தவர்களின் பண்! அப்புறம் நமக்கு எப்படி அந்நியமாகும்?

இந்த ஐந்தில் எதைத் தொட்டாலும் இனிப்பதற்குக் காரணம் உண்டு. மேஜர் ஸ்கேலின் ஏழு சுரத்தில் க-ம, நி-ச இந்த இரண்டு ஜோடிகளுக்கு நடுவில் மட்டும் ஒரே ஒரு ஃப்ரெட் தூரம். உரசல் அங்கேதான். ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால் உரச ஆளில்லை.

சிக்கல் எங்கே வருகிறது? கச்சேரியில் தம்புரா ஒரே சுருதியில் நிற்கும். சினிமாப் பாட்டில் அடியில் கார்டு மாறிக்கொண்டே இருக்கும். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நான்கு கார்டு சுற்றி வருவதாக வைத்துக்கொள்வோம். 'சி'யே நமக்கு ச. சி கார்டின் மேல் ச-வில் நின்றால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த சுகம். எஃப் வரும்போது அதே ச அதற்குப் பஞ்சமம்; அதுவும் சுகமே. ஆனால் ஜி வரும்போது ச-வில் நின்றால் இடிக்கும். ஏனென்றால் ஜி கார்டுக்குள் நி இருக்கிறது. நம் சுரம் மாறவில்லை, அடியில் மண் மாறிவிட்டது!

இதை எனக்குப் புரியவைத்தவர் என் அப்பா. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் வேலை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போனால் வீடு திரும்பப் பல மாதம் ஆகும். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் படிப்பில்லை. கம்ப்ரசர் இரைச்சலில் ஒரு காது மந்தம். போன தடவை வந்தபோது, போனில் பதிந்த கார்டுகளின் மேல் வாசித்துக் காட்டினேன். நல்ல காதைச் சாய்த்துக் கேட்டவர், சரியாக ஜி வரும் இடத்தில் கையைத் தூக்கினார்.

"இங்க என்னமோ மாறுதில்ல கண்ணு? எங்க வேலையும் இப்படித்தான். சுத்தியல் அதே சுத்தியல். அடியில பாறை மாறுச்சுன்னா சத்தம் மாறும். காதைக் குடுத்துட்டே இருக்கோணும்."

சரி, என்ன செய்வது? இரண்டு வழி. ஒன்று, அதே ஐந்து சுரம். நிற்கிற இடத்தை மட்டும் மாற்றுவது. சி-க்கு க, ஏ மைனருக்கு த, எஃப்-க்கு ச அல்லது த, ஜி-க்கு ப அல்லது ரி. இரண்டாவது, ஒரே ஒரு சுரத்தை நகர்த்துவது. ஜி வரும்போது ச-வை ஒரு ஃப்ரெட் இறக்கி நி ஆக்குங்கள். அது ஜி-யின் மோகனம். எஃப் வரும்போது க-வை ஒரு ஃப்ரெட் ஏற்றி ம ஆக்குங்கள். அது எஃப்-ன் மோகனம். நான்கு சுரம் இருந்த இடத்திலேயே இருக்கும்!

நண்பர்களே, எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். வந்த புதிதில் பேச்சு, நடை, ஊர்ப்பேர் எல்லாவற்றையும் மாற்றினால்தான் இங்கே நிற்க முடியும் என்று பயம். உறவுக்காரர்களோ, "டிப்ளமோ முடிச்சுட்டு வண்டியேறிடு, எதுக்குப் பெரிய ஆசை?" என்கிறார்கள். ஒரு பக்கம் எல்லாவற்றையும் மாற்று. இன்னொரு பக்கம் எதையும் மாற்றாதே. கிடார் எனக்குச் சொல்வது மூன்றாவது வழி. நான்கை வைத்துக்கொள், ஒன்றை நகர்த்து. எந்த ஒன்று என்பதைக் காது சொல்லும்.

நான்கு கார்டைப் போனில் பதிந்துகொண்டு இன்றைக்கே வாசித்துப் பாருங்கள். கிடார் இல்லாதவர்கள் என் ரூமுக்கு வரலாம். ஆறு கம்பியும் இருக்கிறது, கதவும் திறந்தே இருக்கிறது!