எழுபது வளைவும் ஒரு படி சாமையும்

எங்கள் ஆபீஸில் ஒருவர் இந்தோனேஷியா போய்விட்டு வந்தார். வந்த நாளிலிருந்து ஒரே எரிமலைப் புராணம். ஜாவாவில் எரிமலை உச்சி வரை நடந்தாராம், கந்தகப் புகை மூக்கில் ஏறியதாம், வழியிலிருந்த பழைய கிராமங்களில் காபி கொடுத்தார்களாம். போட்டோக்களை மத்தியான இடைவேளைகளில் தவணை முறையில் காட்டினார். கடைசித் தவணையில், "நம்ம பக்கம் என்னங்க இருக்கு? வேலூர்ல காவிரிப் பாலம். தாண்டினா கரூர்!" என்று ஒரு போடு போட்டார்.

பக்கத்து ஸீட் நண்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்க, கொல்லிமலை இல்லீங்களா? அதுவும் எரிமலைதானுங்க. அணைஞ்சு போன எரிமலை!" என்று அடித்து விட்டார்.

அந்தச் சனிக்கிழமையே நானும் அவரும் கிளம்பிவிட்டோம். பஸ் ஏறுமுன் எரிமலை விவகாரத்தை முடித்துவிடுகிறேன். கொல்லிமலை எரிமலை அல்ல. இந்தியாவில் உயிரோடு இருக்கிற எரிமலை ஒன்றே ஒன்றுதான். அந்தமானில், மனுஷர் யாரும் குடியிருக்காத பாரன் தீவு. நூறு வருஷத்துக்கு மேல் தூங்கிவிட்டு 1991-ல் விழித்துக்கொண்டது. ஆனாலும் நண்பர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கொல்லிமலையின் பாறைக்குப் பெயர் சார்னோக்கைட். சுமார் 250 கோடி வருஷத்துப் பழசு. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய குழம்பு, மேலே வர வழி கிடைக்காமல் அங்கேயே இறுகி, திரும்பவும் வெந்து, கல்லாகிப் போனது. மேனேஜர் முன்னால் கோபத்தை முழுங்கிக்கொண்டு நிற்கிற குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே கேஸ்தான்.

பெயர் வந்த கதையும் வேடிக்கை. கல்கத்தாவில் கம்பெனி வியாபாரத்தை ஊன்றிய ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் இந்த ஜாதிப் பாறைதான். நம் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. ஹாலண்ட் என்ற புவியியல்காரர் 1893-ல் சமாதியில் கிடந்தவர் பெயரையே கல்லுக்கும் வைத்துவிட்டார்.

பரமத்தி வேலூரில் பஸ் ஏறும்போது வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கூடவே வருகின்றன. வாய்க்கால் பாசனம் முடிந்ததும் மேட்டாங்காடு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்த பஸ். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அப்புறம் அடிவாரத்துக் காரவள்ளி. அங்கேதான் டிரைவர் கர்ச்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். பத்து வரைக்கும் பஸ்ஸில் அரசியல் பேசினார்கள். இருபதில் பேச்சு நின்றது. முப்பதில் எலுமிச்சம்பழம் கை மாற ஆரம்பித்தது. நாற்பதுக்கு மேல் நண்பர் கண்ணை மூடிக்கொண்டு நம்பர் மட்டும் கேட்டார். நானும் இரண்டு இரண்டாகக் குறைத்தே சொல்லி வந்தேன். சோளக்காட்டில் இறங்கியதும் முகத்தில் அடித்த குளிர்காற்றில் மனுஷருக்கு உயிர் வந்தது.

டீக்கடையில் ஒரு பெரியவர். "நாங்க மலையாளிங்க" என்றார். நண்பர் உடனே, "கேரளாவுல எந்த ஊருங்க?" என்று உபசாரமாக விசாரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டவர் போலிருக்கிறது. மலையை ஆள்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. பேச்சு தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து போனார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது வழிவழியாகச் சொல்லி வருகிற கதை. மலை மேல் ஊர்களை நாடு என்றே சொல்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு... இருபது நிமிஷம் நடந்தால் நாடு மாறிவிடுகிறது. பாஸ்போர்ட் வேண்டாம்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று வரிசையாகத் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். இப்பேர்ப்பட்டவனையும் காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு செலவில் ஓரிக்கு விழா நடக்கிறது. காரிக்கு இங்கே யாரும் மாலை போடுவதாகத் தெரியவில்லை.

வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில். அங்கிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டு போகிறார்கள். எதிரே ஏறி வருகிறவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போது யாரும் யோசிப்பதில்லை. கீழே ஐயாறு முந்நூறு அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது. கிட்டே போனாலே தொப்பலாக நனைந்துவிடலாம். இந்தத் தண்ணீர்தான் அந்தப் பக்கம் திருச்சி ஜில்லா புளியஞ்சோலைக்கு இறங்குகிறது. கூடவே ஒரு நடைபாதையும் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதில் கால் வைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் செத்ததற்கு அப்புறம் அந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். கெடுபிடி நல்லதுதான்.

படியேறி வந்து மூச்சு வாங்கியபின் ஊர்ப் பாதையில் நடந்தோம். ஜாவாக்காரர் சொன்ன மாதிரியே பழைய கிராமம், காபிச் செடி, மிளகுக் கொடி, பலா எல்லாம் வந்தன. ஆனால் மேடு ஏறி நின்று பார்த்தால் சரிவு முழுக்க ஒரே பயிர். விரல் விரித்த மாதிரி இலை. மரவள்ளி.

ஒரு வீட்டு வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குச்சியோடு கோழி விரட்டிக்கொண்டிருந்தார் ஒரு தாத்தா. ஐப்பசி வெயிலில் சாமைக் கதிரை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"எத்தனை ஏக்கருங்க தாத்தா?"

"ஏக்கரா? அதா, அந்தப் பாறைக்குப் பக்கத்துல ஒரு துண்டு. மத்ததெல்லாம் குச்சிக்கிழங்கு. எங்கப்பன் காலத்துல இந்தச் சரிவு மொத்தமும் சாமை, தெனை, கேவுருதான் தம்பி."

"ஏன் விட்டுட்டீங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். சாமையைக் குத்திப் புடைக்கப் பெண்கள் நாள் பூரா உரலோடு மல்லுக்கட்ட வேண்டும். ரேஷனில் அரிசி வருகிறது. குச்சிக்கிழங்குக்கு லாரி காட்டு ஓரமே வந்து நிற்கிறது, காசு கைக்கு வருகிறது. "பையன் பள்ளிக்கூடத்துக்கு சாமையா கட்ட முடியும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த லாரி எங்கே போகிறது? நம்ம ராசிபுரம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்கு. கிழங்கு ஜவ்வரிசியாகிறது. விற்றுக் கொடுக்க சேலத்தில் 1981-லிருந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. பெரும்பகுதி வடக்கே போகிறது. மகாராஷ்டிரத்தில் விரதம் இருக்கிறவர் வயிற்றுக்கு சாபுதானா கிச்சடி. அவர் விரதம் இருக்க இருக்க, கொல்லிமலையில் சாமைக்காடு மெலிகிறது. நாம் பாயசத்தில் போட்டதும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

கிழங்கு ஒன்றும் வில்லன் இல்லை. அதில்தான் பல வீடுகளுக்கு ஓடு மாறியிருக்கிறது. ஆனால் சரிவில் மரவள்ளி போட்டுப் போட்டு மேல்மண் மழையோடு இறங்கிப் போகிறது. விலை விழுகிற வருஷம் வெட்டுக்கூலிகூடத் தேறாது. 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் காடுகளையும் ஒரு கை பார்த்தது. எல்லாச் சரிவிலும் ஒரே பயிர் என்றால் பூச்சிக்குக் கல்யாண விருந்துதானே?

சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் 1990-களிலிருந்து இங்கே வந்து பழைய விதைகளைத் தேடிச் சேர்த்தார்கள், உமி நீக்கச் சின்ன மெஷின்கள் கொடுத்தார்கள். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு டவுன் கடைகளில் சாமை அரிசி பளபள பாக்கெட்டில் ஏறிவிட்டது. தாத்தாவிடம் அந்த விலையைச் சொன்னேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "நெசமாவா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

"இது என்ன சாமைங்க?"

"இது பெருஞ்சாமை." எழுந்து உள்ளே போய்ச் சுரைக்குடுக்கை ஒன்றை எடுத்து வந்தார். வாய்க்குத் துணி கட்டியிருந்தது. அவிழ்த்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக் காட்டினார். "இது கட்டவெட்டி. முன்னாடி ஊரெல்லாம் இருந்தது. இப்போ இந்த வளவுல என்கிட்ட மட்டும்தான்."

நண்பர் பர்ஸை எடுத்தார். "ரெண்டுலயும் ஒரு படி குடுங்க தாத்தா. விலை நீங்களே சொல்லுங்க."

பெருஞ்சாமையில் ஒரு படி அளந்து கொடுத்தார். காசை எண்ணாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். உள்ளங்கையில் இருந்ததை மட்டும் ஒரு மணி சிந்தாமல் குடுக்கைக்குள் திருப்பிக் கொட்டி, துணியை இரண்டு முடிச்சாக இறுக்கினார்.

"இது வெதைக்கு தம்பி. மழை பேஞ்சா பாறைக்கு அந்தப் பக்கமும் ஒரு துண்டு போடலாம்னு இருக்கேன். ஆடியில ஓரி விழாவுக்கு வாங்க, பயிரைக் காட்டறேன். அறுத்தப்புறம் வேணா கேளுங்க."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுபதிலிருந்து ஒன்று வரை அத்தனை வளைவுக்கும் நண்பர் சாமைப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். எலுமிச்சம்பழத்தை நான்தான் அவர் மூக்கருகில் காட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது.