பள்ளிமடத்து விளக்கு

‘பள்ளி’ என்னும் சொல்லை வகுப்பறையில் பன்முறை விளக்கியிருக்கிறேன். துயிலிடம், சமணத் துறவியர் உறைவிடம், கல்விக்கூடம், நாம் தொழும் பள்ளிவாசல் எனப் பொருள் விரியும். அரசரை அடக்கம் செய்த இடத்தில் எழுந்த கோயில் ‘பள்ளிப்படை’ என்பதும் பாடமே. அச்சொல்லின் கனத்தை உணர்ந்ததோ, என் தந்தையார் மறைந்த ஆண்டில்தான்.

அவ்வாண்டு, கல்வெட்டுக் காண மாணவர் சிலருடன் விருதுநகர் மாவட்டம் திருச்சுழியை அடுத்த பள்ளிமடம் சென்றேன். சுந்தரர் பாடிய திருச்சுழியல் கோயிலை நாடி வருவோர் பலர். பள்ளிமடத்துச் சிவன் கோயிலை அறிந்தோர் சிலரே. கல்வெட்டுகள் அதனைப் பள்ளிப்படைச் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்கின்றன. 10 ஆம் நூற்றாண்டில், ‘சோழன் தலைகொண்ட’ வீரபாண்டியன் காலத்தில், நந்தா விளக்கெரிய ஆடுகள் அளித்த செய்தியும் அங்குண்டு. விளக்கொன்றுக்கு 50 ஆடுகள். அவை ‘சாவா மூவாப் பேராடு’. மூத்தவை கழியினும் குட்டிகள் ஈடுசெய்யும். மந்தை குன்றாது, நெய்யும் குறையாது.

“ஐயா, மன்னர் இங்கேயா உறங்குகிறார்?” என்றான் ஒரு மாணவன். எனக்குத் தந்தையாரின் மண்மேடு நினைவில் எழுந்தது. இறந்தபின்னும் நன்மை சேர்க்கும் நிலையான தருமத்தை நாம் ‘சதக்கத்துல் ஜாரியா’ என்கிறோம். பெயரறியா இடையர் காத்த ஆட்டுமந்தையும் அப்பொருளையே எனக்கு உணர்த்திற்று.

தந்தையாரின் மீசான் கல்லில் பெயர் பொறிக்கத் தொகை சேர்த்து வைத்திருந்தேன். ஊர் திரும்பியதும் அத்தொகை துறை நூலகத்துக்கு நூல்களாயிற்று. கல் இன்னும் வெறுமையாகவே நிற்கிறது. நூல்களின் ஓரங்களோ, மாணவர் கைபட்டுத் தேய்ந்து வருகின்றன.