பொய்யிரை வளர்ந்த ஊர்

சிக்காகோ நகரிலிருந்து டிற்றோயிற் நோக்கிச் செல்லும் புகைவண்டிப் பாதையிலே, ஏறக்குறைய 100 மைல் தொலைவில், டொவாஜாக் என்னுஞ் சிற்றூர் உள்ளது. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த இவ்வூரில் வானளாவும் மாளிகைகள் இல்லை. ஆயினும், பழைய தூண்டிற் பொருள்களைத் தேடிச் சேர்ப்போருக்கு இது ஒரு யாத்திரைத் தலமாகும்.

இங்குள்ள ஆலைக் குளத்தின் கரையில், தேனீ வளர்ப்பிற் பேர்பெற்ற ஜேம்ஸ் ஹெடன் (1845-1911) என்பவர், ஒருநாள் நண்பரொருவரை எதிர்பார்த்தவாறு மரத்துண்டொன்றைக் கத்தியாற் செதுக்கிக்கொண்டிருந்தாராம். அதனை நீரில் வீசியதும் பெரிய மீனொன்று பாய்ந்து கவ்வியதாம். இது செவிவழிக் கதை. அவர் 1898ஆம் ஆண்டளவில் மரத்திலே தவளைகளைச் செதுக்கி, தூண்டில் முள் பொருத்தி, நண்பர்களுக்கு வழங்கினார். உயிர் இரைக்குப் பதிலாக மீனை ஏய்க்கும் இத்தகைய உருவத்தையே நாம் பொய்யிரை என்கிறோம். சில ஆண்டுகளுள் அவர் குடும்பத்தார் அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தனர்.

பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் நூதனசாலை ஒன்று அமைக்கப்பட்டது. அங்குள்ள மர மீன்களை நோக்குங்கால், அவற்றின் கண்ணாடிக் கண்களும் நம்மை நோக்குவதுபோலத் தோன்றும்.

இவற்றிற்கு விலை மதிப்பது எங்ஙனம்? செய்தவர் யார், எத்துணை எஞ்சியுள்ளன, எவ்வண்ணத்தின, கண் எவ்வகையது, முள்ளும் உலோக உறுப்புகளும் ஆதியில் இருந்தவைதாமா என்பன முதலில் ஆராயப்படும். பழைய பெட்டியும் உடனிருப்பின் மதிப்பு உயரும். நிலைமையை அளக்க 1 முதல் 10 வரையான புள்ளி முறையும் உண்டு. மங்கிய பொருளுக்குப் புதுவண்ணம் பூசினாலோ, அழகு கூடும்; மதிப்பு வீழும். உண்மைக்கு இச்சந்தை அளிக்கும் இடம் போற்றத்தக்கது. ஒகாயோ மாநிலத்து றைலி ஹஸ்கெல் 1859இல் உரிமம் பெற்ற செப்பு மீனின் பேருருவம் ஒன்று, 2003இல் 1,01,200 டொலருக்கு ஏலம் போயிற்று!

ஆயினும் இங்கே ஒரு முரண் உண்டு. மீன் கடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருளில், ஒருபோதும் நீரைக் காணாததே உச்சப் புள்ளி பெறுகின்றது. நன்கு உழைத்தவையோ பல்லின் தழும்பு பட்டன, வேரிற் சிக்கின, நூல் அறுந்து குளத்தடியில் மறைந்தன. விலையின்றிக் கொடுக்கப்பட்ட அம்மரத் தவளைகளுள் எஞ்சியவை மிகச் சில. இன்று அவற்றைச் செல்வரே வாங்கலாம்.

1980களில் அத்தொழிலும் ஊரைவிட்டு ஆர்க்கன்சா மாநிலத்துக்குப் பெயர்ந்தது. ஹெடன் என்ற பெயருடன் பொய்யிரைகள் இன்றும் விற்பனையாகின்றன. அவற்றை இழைத்து வண்ணந் தீட்டிய டொவாஜாக் மக்களின் கைகள் ஓய்ந்துவிட்டன. அக்கைகளின் சுவடு இம்மரத்துண்டுகளில் மட்டுமே உண்டு. சேகரிப்போர் காப்பது அச்சுவட்டையே என நாம் கருதுகிறோம்.

இன்னார் செய்தது, இன்னார் வைத்திருந்தது என்ற குறிப்பு உடனிருந்தால், பழம்பொருளின் மதிப்பு மேலும் உயரும் என்பர். மாணவர்களே, உங்கள் இல்லத்திலும் பாட்டனார் கைபட்ட உளியோ, பாட்டியார் பின்னிய பெட்டியோ இருக்கலாம். அதனைத் தேய்த்து மெருகிடுமுன், அதன் வரலாற்றை அவர்களிடங் கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். பொருள் பின்னும் இருக்கும்; சொல்வோர் என்றும் இரார்.