பாட்டியின் பாக்குவெட்டி

காரங்காட்டில் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு கிராமபோன் பெட்டி. அலையாத்திக் காட்டைத் தாண்டி வரும் உப்புக்காற்றில் சாவிக் கைப்பிடி துருவேறிக் கிடந்தது. மூடிக்குள் சின்னதாக ஓர் இரும்புச் சாமான். “பாட்டியோட பாக்குவெட்டிப்பா” என்றார் பெரியப்பா. அதன் வாயில் ஒரு கொட்டைப்பாக்குகூட நுழையாது.

ஒலிப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஊசி செருகும் துளை முக்கோணம்! அதில் எஃகு ஊசியும் நிற்கும்; ஆனால் அந்த வடிவம் வந்ததே மூங்கில் முள்ளுக்காக. எஃகு ஊசியை இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும். மூங்கில் முள் அப்படியில்லை. மழுங்கிய நுனியைச் சாய்வாக நறுக்கினால் மறுபடி பாடும். சத்தம் கொஞ்சம் அடங்கித்தான் கேட்கும், தட்டு அவ்வளவாகத் தேயாது. நறுக்குவதற்கான கத்தரிதான் பெரியப்பா சொன்ன பாக்குவெட்டி.

தட்டு தேயக் கூடாதென்று முள்ளை நறுக்கி நறுக்கிப் பாட்டுக் கேட்ட ஒருவர் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறார். அது யாரென்று சொல்ல இன்று ஆளில்லை. நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் இப்படிப் பெயர் தெரியாத சாமான் ஏதும் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து கண்டுபிடிப்போம்.